ஜிமிக்கியை மட்டும் ஏஐ வரையக் கூடாது

நாட்டிய நகை செட்டை வாங்கப் போகிறவரின் முகத்தில் போட்டுக் காட்டும் படம் ஒருவழியாக நிலைக்கு வந்திருக்கிறது. ஜிமிக்கி, மாட்டல், நெத்திச்சுட்டி, சூரியன், சந்திரன், அட்டிகை வரைக்கும் சரியாக உட்காருகிறது. ஒட்டியாணமும் ஜடைநாகமும் இன்னும் வரவில்லை. போன வழி, வராத வழி, செலவு எல்லாம் ஞாபகம் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன். சின்னக் கடை வைத்திருக்கிற யாருக்காவது உதவும்.

என் மைனி (அண்ணி) நாகர்கோவிலில் பரதநாட்டிய நகை விற்கிறார். வடசேரிப் பட்டறைகளில் செய்கிற கெம்புக்கல் நகை. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் வெள்ளியில் செய்த செட்டை வாங்குகிறவர்கள் கொஞ்சப் பேர். சலங்கை பூஜைக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் எடுக்கிறவர்கள் முலாம் பூசிய செட்டைத்தான் கேட்பார்கள். வாட்ஸப்பில் படம் போகும், பதில் வரும். அந்தப் பதிலில் "அழகா இருக்குமா?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை. "எம் பிள்ளைக்கு மொகம் சின்னது, இந்தச் சுட்டி நெத்திய அடைச்சிக்கிடாதா?" என்றுதான் எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள்.

ஆக, கேள்வி அளவைப் பற்றியது. நான் அதை விட்டுவிட்டு அழகான படத்தின் பின்னால் கொஞ்ச காலம் ஓடினேன்.

முதல் வழி எல்லோரும் செய்வதுதான். முகப் படம் ஒன்று, நகைப் படம் ஒன்று, இரண்டையும் ஒரு ஏஐ படக் கருவிக்குக் கொடுத்து "இந்த நகையை இவருக்குப் போடு" என்று எழுதுவது. மாதச் சந்தா கட்டி இரண்டு மூன்று கருவிகளில் பார்த்தேன். அரை நிமிடத்தில் படம் வந்தது. முதல் பார்வைக்கு அசந்து போகும் அளவுக்கு இருந்தது. தோலில் நிழல், காதோர முடி, கன்னத்தில் பொன் ஒளி, எல்லாம் கச்சிதம். மைனி போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "தம்பி, படம் கொள்ளாம். ஆனா இது நம்ம ஜிமிக்கி இல்லியே."

குடையின் அடியில் 24 முத்து தொங்க வேண்டும், படத்தில் 19. மூன்று வரிசைக் கெம்பு இரண்டாகிவிட்டது. அட்டிகைப் பதக்கத்தில் கஜலட்சுமி இருந்த இடத்தில் மயிலா பூவா என்று சொல்ல முடியாத ஒன்று. தலையில் இரண்டு பக்கமும் சூரியன்! ஆடுகிறவருக்கு வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன் என்பது நாட்டியம் பழகும் குழந்தைக்கும் தெரியும். ஏஐ பார்த்து வளர்ந்த கோடிக்கணக்கான படங்களில் இடமும் வலமும் ஒரே மாதிரி நகைதான் இருந்திருக்கும், அதுவும் அப்படியே போட்டுவிட்டது. புல்லாக்கைச் சொல்லவே வேண்டாம். மூக்கின் நடுத்தண்டில் தொங்க வேண்டியதை மேலுதட்டில் ஒட்டி வைத்திருந்தது.

நகையை மாற்றாதே, கல்லைக் கூட்டாதே குறைக்காதே என்று விதவிதமாக எழுதிப் பார்த்தேன். பயனில்லை. எழுதி மாற்றக் கூடிய கோளாறு இல்லை இது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற ஏஐ, படத்தை அப்படியே கையாள்வதில்லை. 512-க்கு 512 பிக்சல் படத்தை 64-க்கு 64 கட்டமாகச் சுருக்கிக்கொண்டுதான் வேலை செய்கிறது. ஒரு கட்டம் என்பது 8 பிக்சல் அகலம். முழு முகம் தெரியும் படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 பிக்சல்தான் கிடைக்கும். 2.5 மி.மீ. கெம்புக்கல் என்றால் நாலரை பிக்சல். ஒரு கட்டத்துக்குள் ஒன்றுக்கு மேல் கல் புதைந்து போகிறது. திரும்ப விரிக்கும்போது அது கல்லை எண்ணிப் போடுவதில்லை, "இங்கே சிவப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ இருந்தது" என்று நிரப்புகிறது. பெரிய படமாகக் கொடுத்தால் பதக்கம் கொஞ்சம் தேறும். முத்து தேறாது.

அங்கேதான் வேலையைத் திருப்பிப் போட்டேன். நகை போட்டோவாகவே இருக்கட்டும், அதில் ஒரு பிக்சலைக்கூட ஏஐ தொடக் கூடாது. நகைக்கும் தோலுக்கும் நடுவில் விழும் நிழல், ஓர முடி, இந்த ஒட்டுவேலை மட்டும் அதற்கு.

நகையைப் போட்டோ எடுப்பதுதான் இதில் அதிக நேரம் தின்றது. மருந்துக்கடையில் கேட்டால் ஊசி மருந்து வந்த தெர்மாகோல் பெட்டி சும்மாவே கிடைக்கும். இரண்டு பக்கமும் சன்னல் மாதிரி வெட்டி, பட்டர் பேப்பர் ஒட்டி, வெளியிலிருந்து ஆளுக்கொரு 12 வாட் எல்இடி பல்பு. நேரடி வெளிச்சம் பட்டால் முலாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாகும். பட்டர் பேப்பர் போட்டதும் அடங்கிவிடுகிறது. பல்பு வாங்கும்போது அட்டையில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சாதாரண பல்பில் கெம்பு பழுப்படித்த மாதிரி வரும்.

கெம்பின் சிவப்பு இன்னொரு தொல்லை. போன் கேமரா தானாக எடுத்தால் சிவப்பு உச்சத்தைத் தொட்டு, கல்லுக்குள் இருக்கும் பட்டை எல்லாம் அழிந்து, குங்குமப் பொட்டு வைத்த மாதிரித் தட்டையாகிவிடுகிறது. புரோ மோடில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7 இறக்கி எடுத்தால் கல் கல்லாக இருக்கிறது. வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) அதே மோடில் பூட்டிவிட வேண்டும். கிட்டே போய் எடுக்கவும் கூடாது. அரை அடியில் எடுத்தால் குடையின் முன்விளிம்பு புடைத்து, ஜிமிக்கி ஊதினாற்போல் தெரிகிறது. இரண்டடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் லென்ஸில் எடுப்பது சரி.

ஜிமிக்கியைத் துணியில் படுக்க வைத்து எடுக்காதீர்கள். முத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். காதில் தொங்குகிற மாதிரியே தொங்கவிட்டு எடுக்க வேண்டும். தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி, 0.25 மி.மீ., பெட்டியின் மேல் ஒரு குச்சியில் கட்டித் தொங்கவிட்டேன். மின்விசிறியை அணைத்துவிட்டு ஆட்டம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும், ஜிமிக்கி லேசில் நிற்காது.

பின்னணிக்கு முதலில் பச்சைத் துணி போட்டேன், சினிமாக்காரர்கள் போடுகிறார்களே என்று. தங்க முலாம் கண்ணாடி மாதிரி. பச்சை முழுக்க நகைக்குள் ஏறிக்கொண்டது. பின்னணியை நீக்கித் தரும் ஏஐ கருவிகளையும் பார்த்தேன். முகம், நாற்காலி, செருப்பு என்றால் அருமையாக வெட்டுகின்றன. ஜிமிக்கிக் குடையின் துளைகளையும் முத்துக்கு முத்து நடுவில் இருக்கும் இடைவெளியையும் அவை அடைத்துவிட்டன. கையால் வெட்ட உட்கார்ந்தால் ஒரு ஜிமிக்கிக்கே ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

காப்பாற்றியது ஒரு பழைய உத்தி, இதில் ஏஐ கிடையாது. நகையை அசைக்காமல் பின்னால் வெள்ளைச் சார்ட் பேப்பர் வைத்து ஒரு படம், கறுப்புச் சார்ட் வைத்து ஒரு படம். வெள்ளைப் படத்திலிருந்து கறுப்புப் படத்தைக் கழித்தால், உலோகம் இருக்கும் இடத்தில் வித்தியாசம் 0, வெறும் பின்னணியில் வித்தியாசம் உச்சம், ஓரங்களில் இடைப்பட்ட எண். உச்சத்தால் வகுத்து 1-லிருந்து கழித்தால் ஒவ்வொரு பிக்சலும் எத்தனை பங்கு நகை, எத்தனை பங்கு வெளி என்று கிடைத்துவிடும். துளை, முத்து இடைவெளி எல்லாம் தானாகவே திறந்துகொள்ளும். கணக்குப்படி உச்சம் 255. ஆனால் சார்ட் கடைச் சார்ட், என் படங்களில் வெள்ளை 238, கறுப்பு 22. ஆகவே 216-ஆல் வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் நகையைச் சுற்றி மெல்லிய புகை மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். பைத்தானில் பத்து வரிக்குள் முடிகிற கணக்கு.

இரண்டு படத்துக்கும் எக்ஸ்போஷர் ஒன்றாக இருக்க வேண்டும். தானியங்கியில் விட்டால் கறுப்புச் சார்ட்டைப் பார்த்ததும் போன் வெளிச்சத்தை ஏற்றிவிடும், கணக்கு குப்பையாகும். சார்ட்டை நகைக்குப் பின்னால் இரண்டடியாவது தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் அதன் நிறம் முலாமில் தெரிந்து, உலோகத்திலேயே ஓட்டை விழுந்த மாதிரி வரும். பெட்டியின் பின்சுவரை நான் வெட்டி எடுத்தது இதற்காகத்தான்.

அடுத்தது அளவு. மைனியின் சரக்கை எல்லாம் டிஜிட்டல் வெர்னியரால் அளந்து, உருப்படி எண்ணோடு எழுதி வைத்தேன். ஜிமிக்கி அகலம் 28, உயரம் 41 மி.மீ. என்கிற மாதிரி. நகையின் அளவு தெரியும். முகத்தின் அளவு எப்படித் தெரியும்? ஸ்கேலை நெற்றியில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் ஒருத்தரும் அனுப்பவில்லை, சொன்ன எனக்கே சிரிப்பாக இருந்தது. ஆனால் முகத்திலேயே ஒரு ஸ்கேல் இருக்கிறது. கருவிழியின் அகலம் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை, 11.7 மி.மீ., அரை மில்லிமீட்டர் கூடக் குறைய. குழந்தைக்கு இரண்டு வயதாகும்போதே கிட்டத்தட்டப் பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடும் என்பதால் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம்.

படத்தில் கருவிழி 46 பிக்சல் என்றால், 46-ஐ 11.7-ஆல் வகுக்க மில்லிமீட்டருக்கு 3.93 பிக்சல். 28 மி.மீ. ஜிமிக்கி 110 பிக்சல் அகலம், 161 பிக்சல் உயரம். அவ்வளவுதான். கருவிழியை அளக்க மீடியாபைப் என்ற இலவசக் கருவி இருக்கிறது. முகத்தில் 468 புள்ளிகள் வைக்கும், கருவிழிக்கான புள்ளிகளைச் சேர்த்தால் 478. கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற படத்தில் கொஞ்சம் பிசகும், அதனால் இரண்டு கண்ணையும் அளந்து சராசரி எடுக்கிறேன்.

இதிலும் ஒரு இடறல் உண்டு. செல்ஃபியில் வைத்தால் ஜிமிக்கி எப்போதும் பெரிதாகத் தெரிந்தது. கணக்கு சரி, கண்ணுக்குச் சரியில்லை. காது கண்ணைவிட ஏறத்தாழ 8 செ.மீ. பின்னால் இருக்கிறது. கை நீட்டி 50 செ.மீ. தூரத்தில் எடுத்தால், கண் 50-இல், காது 58-இல். காதுப் பக்கத்துப் பொருள் 14 சதவீதம் சின்னதாகத் தெரிய வேண்டும், நான் கண் அளவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தடி தள்ளி நின்று எடுத்த படத்தில் அந்த வித்தியாசம் 5 சதவீதம்தான். அதனால் இப்போது "வேறொருத்தர் அஞ்சடி தள்ளி நின்னு, ஜூம் பண்ணி, நேரா பாக்கச் சொல்லி எடுங்க" என்று மைனி சொல்லி வாங்குகிறார். செல்ஃபி ஒதுக்கியதில் இன்னொரு லாபமும் உண்டு. சில போன்களில் செல்ஃபி கண்ணாடிப் பிம்பமாகச் சேமிக்கப்படும். அதில் போய் வலப்பக்கம் சூரியனை வைத்தால் முடிந்தது கதை.

இடம் பிடிப்பதில் சுட்டியும் சூரிய சந்திரனும் சுலபம். வகிடு இருக்கும் இடம் கண்ணுக்கே தெரியும், நெற்றிப் புள்ளிகளை வைத்துச் சாய்வைக் கணக்கிட்டுத் திருப்பினால் உட்கார்ந்துவிடும். காது கஷ்டம். அந்த 468 புள்ளிகளில் ஒன்றுகூடக் காது மடலில் கிடையாது, முகத்தின் ஓரத்தோடு நின்றுவிடும். அதனால் தோடு குத்தும் இடத்தை நானே மவுஸால் சொடுக்கிக் காட்டுகிறேன். தானியங்கி ஆக்கப் பார்த்து விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு வருவது சில படங்கள், இதற்குப் போய் நிரலோடு மல்லுக்கட்டுவானேன். தலை சாய்ந்திருந்தால் சுட்டி கூடவே சாயும், ஜிமிக்கி சாயாது. அது நேரே பூமியைப் பார்த்துத் தொங்கும். இதைக் கவனிக்காமல் வைத்த படங்களில் ஏதோ தப்பு என்று மட்டும் தெரியும், என்னவென்று பிடிபடாது.

மாட்டலுக்குச் சங்கிலியை கிம்ப் என்ற படத்திருத்தும் மென்பொருளில் வளைத்து, ஜிமிக்கியிலிருந்து காதுக்கு மேல் முடிக்குள் கொண்டுபோகிறேன். அட்டிகையைத் தட்டையாக எடுத்து வளைத்தால் கல்லெல்லாம் கோணிப் போகிறது. வெல்வெட் கழுத்து ஸ்டாண்டில் மாட்டி, கழுத்து உயரத்திலிருந்தே எடுத்தால் வளைக்க வேண்டியதே இல்லை, நேர்முகப் படத்தில் அப்படியே பொருந்தும். கடைக்காரர்கள் எல்லோரிடமும் அந்த ஸ்டாண்ட் இருக்கும்.

இப்போதுதான் ஏஐ. ஒட்டிய நகை இதுவரைக்கும் ஸ்டிக்கர் மாதிரி இருக்கும். நகையைச் சுற்றி 12 முதல் 20 பிக்சல் அகலத்துக்கு ஒரு வளையம் மட்டும் மாஸ்க், அதாவது ஏஐ மாற்றலாம் என்று குறித்துவிடும் பகுதி, வரைகிறேன். கழுத்துக்குக் கொஞ்சம் அகலமாக, நிழல் விழும் பக்கத்தில். அந்தப் பகுதியை மட்டும் 512 சதுரமாக வெட்டி, குறித்த இடத்தை மட்டும் வரைந்து நிரப்பும் இன்பெயின்டிங் மாடலுக்குக் கொடுத்து, எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் டினாய்ஸ் அளவை 0.35-இல் வைக்கிறேன். 0.2-இல் ஒன்றும் நடக்காது. 0.5 தாண்டினால் காது மடலுக்குப் புது வடிவம் கிடைத்துவிடும். வந்த படத்தின் மேல் முதலில் வெட்டிய அசல் நகையைத் திரும்ப ஒட்டுகிறேன். மாஸ்குக்கு வெளியே இருப்பதையும் இந்த மாடல்கள் சுருக்கி விரிக்கும்போது லேசாகக் கலைத்துவிடும் என்பதால் இந்தக் கடைசி ஒட்டு கட்டாயம். அப்போதுதான் 24 முத்தும் 24 முத்தாக இருக்கும்.

வளையத்தை ஏன் இவ்வளவு ஒல்லியாக வைக்க வேண்டும் என்றால், இடம் கொடுத்தால் ஏஐ மடத்தைப் பிடுங்குகிறது. கழுத்து முழுக்க மாஸ்க் போட்டுக் கொடுத்தபோது ஒரு அம்மாவின் மஞ்சள் கயிற்றைக் காணோம். முகத்தையும் சேர்த்துக் கொடுத்தால் மாநிறம் வெளுத்துவிடுகிறது. நல்ல கறுப்பான பிள்ளை, இரண்டு சுற்று ஓட்டினால் கோதுமை நிறம். கேட்காமலே உதட்டுச் சாயம், புருவத்துக்கு வில் வளைவு. அந்தப் படத்தை அந்த வீட்டுக்கு அனுப்பினால் நாம் என்ன சொல்கிறோம் என்று ஆகும்? தோல் நிறத்தைத் திருத்துகிற எதையும் இந்த வேலைக்குள் விடுவதில்லை. நிழலுக்கு ஏஐ போடும் நிறம்கூட மாநிறத்தில் சாம்பல் பூத்துத் தெரிந்தால், அந்தப் பட்டையின் நிறத்தைப் பக்கத்துத் தோலின் சராசரிக்கு இழுத்து வைக்கிறேன்.

இதை எல்லாம் என் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுவதற்குக் காரணம் உண்டு. வருகிற படங்களில் பாதிக்கு மேல் சின்னப் பிள்ளைகள். 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டுப் பிள்ளை முகத்தை எங்கோ இருக்கும் சர்வருக்கு ஏற்ற எனக்கு மனசில்லை. 6 ஜிபி நினைவகம் உள்ள பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினேன். சதுரம் 512 என்பதால் அது போதும். சில பழைய கார்டுகளில் அரைத் துல்லியத்தில் (எண்களை 32 பிட்டுக்குப் பதில் 16 பிட்டில் வைத்து) ஓட்டினால் படம் முழுக் கறுப்பாக வரும். மாடல் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டாம், முழுத் துல்லியத்துக்கு மாற்றுங்கள். வேகம் குறையும், படம் வரும். படம் அனுப்பி முடித்ததும் முகப் படத்தை அழித்துவிடுகிறோம், அதை முதலிலேயே சொல்லியும் விடுகிறோம்.

செலவு: பட்டர் பேப்பர் 40, இரண்டு பல்பு 360, சார்ட் 30, வெர்னியர் 250, தங்கூசி 30. ஆக 710 ரூபாய். கிராஃபிக்ஸ் கார்டு 8,500. முதலில் சந்தா கட்டின பணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் மைனி பார்த்துவிடுவார். ஒரு புது நகையைப் படமெடுத்து வெட்டி வைக்க அரை மணி, அது ஒரு தடவை வேலை. அதன்பின் ஒரு முகத்துக்கு முழு செட் போட இருபது நிமிடம். செட் விலைக்கு அது தாங்கும். தனி ஜிமிக்கிக்குத் தாங்காது, அதற்கு மைனி பழையபடி ஐந்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைத்தான் அனுப்புகிறார்.

பலன் என்னவென்றால், பெரிய சுட்டி கேட்டு வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுச் சின்ன சுட்டிக்கு மாறுகிறார்கள். சில நேரம் விலை குறைந்த செட்டுக்கு. "வியாவாரம் கொறைக்கதுக்காக்கும் இவ்வளவு பாடு" என்று மைனி சிரித்தார், ஆனால் அளவு சரியில்லை என்று திரும்பி வருவது நின்றிருக்கிறது என்பதையும் அவரேதான் சொன்னார். படம் வெளியே போவதற்கு முன் கல்லையும் முத்தையும் அவர் ஒரு தடவை எண்ணுகிறார். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார். அது இல்லாமல் எதுவும் போகாது.

மறுபடி தொடங்கினால் வெர்னியரை முதலில் வாங்குவேன், சந்தாவைக் கட்டவே மாட்டேன். நகையைப் பட்டறையிலிருந்து வந்தவுடன், கையில் எடுத்துப் பார்த்து விரல் ரேகை படியும் முன் படமெடுப்பேன். முலாமில் ரேகை விழுந்தால் துடைத்தாலும் ஒரு மங்கல் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு ஜிமிக்கியையும் நேராக ஒன்று, இடமும் வலமும் 20 பாகை திருப்பி ஒவ்வொன்று என்று மூன்று கோணத்தில் எடுத்து வைப்பேன். இப்போது நேர்முகம் மட்டும் இருப்பதால், கொஞ்சம் திரும்பி நிற்கிற படம் வந்தால் கையை விரிக்க வேண்டியிருக்கிறது.

ஒட்டியாணம் வராததற்குக் காரணம், இடுப்புப் படத்தில் கருவிழி சின்னதாகிவிடுகிறது. முழு உருவப் படத்தில் அது ஏழெட்டு பிக்சல்தான், ஒரு பிக்சல் பிசகினால் ஒட்டியாணம் ஓர் அங்குலம் கூடியோ குறைந்தோ போகும். அதற்கு முகத்தை நம்பாமல், நாட்டியப் புடவை கட்டின பிறகு டெய்லர் டேப்பால் இடுப்பை அளந்து எண்ணை மட்டும் அனுப்பச் சொல்லலாம் என்று இருக்கிறோம். ஜடைநாகத்துக்குப் பின்னந்தலைப் படம் வேண்டும், அங்கே கண்ணே கிடையாது. பின்னந்தலையில் வைக்கும் ராக்கொடியின் வட்டத்தைச் சடையின் அகலத்தோடு ஒப்பிட்டு ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க, மைனியின் மகளை வெள்ளிக்கிழமை சடை பின்னி உட்கார வைக்கப் போகிறேன்.